கீழே வைக்காத அட்டை

ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்கிறது. ஒரு லாரி கவிழ்ந்தே தீரவேண்டும் என்றால் அதில் எந்த நாளிலும் கவிழ்ந்து தொலைக்கலாம். ஆனால் அந்தக் கோழி லாரி பிப்ரவரி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை காலை, டொலீடோவிலிருந்து சாண்டஸ்கிக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஹார்லன் வாஸின் வேனுக்குச் சரியாக ஒரு மைல் முன்னால் போய்க் கவிழ்ந்தது. உறைந்த கோழிகள் பனியில் உருண்டு கிடந்தன. அவற்றைப் பொறுக்கி வழிவிட மூன்று மணி நேரம் ஆயிற்று. நாற்பது ஆண்டு நகரப் பேருந்துகளுக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கியவர் ஹார்லன். வயது அறுபத்தெட்டு. பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர். அன்று ஸ்டியரிங்கை இரண்டு முறை குத்தினார். மூன்றாவது முறை குத்தியபோது கை வலித்ததால் நிறுத்திக்கொண்டார்.

ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. புதன்கிழமை தபாலில் ரோவீனாவின் பட்டியல் வந்திருந்தது. ஆண்டுதோறும் சாண்டஸ்கியில் நடக்கும் பழைய அட்டைச் சந்தைக்கு முன்னால், தன்னிடம் விற்பனைக்கு இருப்பதையெல்லாம் தட்டச்சு செய்து நாற்பது பேருக்கு அனுப்புவாள் அவள். அதில் பதினேழாவது வரி: "கிளாண்டன், கால்வெர்ட்டன் அணி, 1887. மூலை கொஞ்சம் மழுங்கல். 2,800 டாலர்."

ஹார்லன் அந்த வரியை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

இந்த அட்டைகளைப் பற்றி வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் காலத்தில் சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டைத்துண்டு வைத்தார்கள். வெறும் அட்டையாக வைப்பானேன் என்று அதில் பேஸ்பால் ஆட்டக்காரன் ஒருவனின் புகைப்படத்தை ஒட்டினார்கள். அளவு இரண்டு விரல் அகலம், அவ்வளவுதான். பழுப்பு நிறம். எல்லோருக்கும் மீசை. ஓடும் பந்தைப் படம் பிடிக்கக் கேமராவுக்குத் துப்பில்லாத காலம் என்பதால், ஸ்டூடியோவில் பந்தைக் கூரையிலிருந்து நூலில் தொங்கவிட்டு, அதைப் பிடிப்பதுபோல் பாவனை காட்டச் சொன்னார்கள். உற்றுப் பார்த்தால் நூல் தெரியும். அந்த நூலைப் பார்த்தவுடன் ஒருவனுக்குச் சிரிப்பு வந்தால் அவன் பிழைத்தான். பாசம் வந்தால் அவன் கதை முடிந்தது, நம்மோடு சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம்.

கால்வெர்ட்டன் அணி ஒன்றரை சீசன் ஆடிவிட்டுத் திவாலாகிப்போனது. பதினைந்து பேருக்கு அட்டை உண்டு. ஹார்லனிடம் பதினான்கு பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். கிளாண்டன் மட்டும் இருபத்திரண்டு ஆண்டாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தான். எதற்கு இதெல்லாம் என்று மனைவி மார்லா இருந்தவரை ஒருநாளும் கேட்டதில்லை. ஒரே வரிசையில் நின்ற பதினைந்து பேர் நூற்று முப்பது ஆண்டாகச் சிதறிக் கிடக்கிறார்கள், பதினான்கு பேரை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று, ஒருவன் மட்டும் வெளியே நிற்கிறான். இவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

உடனே ரோவீனாவுக்குப் போன் போட்டார்.

"ரோவீனா, கிளாண்டனை எனக்கு எடுத்து வைங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"முப்பது வருஷமா நான் யாருக்கும் எதையும் எடுத்து வச்சதில்ல, ஹார்லன். எங்க அப்பா கேட்டப்பவே வைக்கல. பணத்தோட வாங்க, முதல்ல யார் கை படுதோ அவங்களுக்கு."

சந்தை திறப்பது ஒன்பதுக்கு. ஹார்லன் மண்டபத்துக்குள் காலை வைத்தபோது பதினொன்றரை. பூட்ஸில் பனி, கழுத்தில் வியர்வை. நாற்பது மேஜைகள், பச்சைத் துணி விரிப்புகள், குனிந்த முதுகுகள். ரோவீனாவின் மேஜை எப்போதும்போல் ஜன்னல் ஓரம். அங்கே நின்றிருந்த முதுகைப் பார்த்ததும் ஹார்லனின் கால் தானாக நின்றுவிட்டது.

கட்டம்போட்ட பச்சைக் கம்பளிச் சட்டை. ஒரு பக்கம் சாய்ந்த தோள். அமோஸ் டெக்கர்.

அமோஸின் வலது கையில், மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு சின்னப் பழுப்பு அட்டை இருந்தது. மேஜையைச் சுற்றிக்கொண்டு பார்க்கத் தேவையே இல்லை. வயிறு சொல்லிவிட்டது, அதுதான் கிளாண்டன்.

அமோஸுக்கு இரண்டு அடி பின்னால் கில்லிஸ் நின்றுகொண்டிருந்தான். நாற்பது வயசுக்காரன், கிளீவ்லாந்தில் கடை வைத்திருப்பவன், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டிருந்தான். அவன் எதற்குக் காத்திருக்கிறான் என்று அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சாண்டஸ்கிச் சந்தையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அட்டை ஒருவன் கையில் இருக்கும்வரை அது அவனுக்குரியது. அவன் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பக்கத்தில் நிற்பவன் விலை கேட்கக்கூடாது, விற்பவர் வேறு ஆளுக்கு விலை சொல்லக்கூடாது. கீழே வைத்துவிட்டால் முடிந்தது, அடுத்த கை எவனுடையதோ அவனுக்கு. மற்ற ஊர்களில் போனைத் தட்டி விலை பேசுகிறார்கள், அட்டையைக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்துத் தரத்துக்கு எண் போட்டு வைக்கிறார்கள். அவர்கள் எக்கேடும் கெடட்டும். இங்கே கைதான் பேச்சு. மீறினால் அடுத்த ஆண்டு வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அந்தச் சட்டத்தால்தான் ஹார்லனும் அமோஸும் ஒன்பது ஆண்டாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

அதற்கு முன் பதினான்கு ஆண்டு ஒரே வேனில் ஊர் ஊராகச் சந்தைக்குப் போனவர்கள். ஹார்லன் ஓட்டுவார், அமோஸ் வழி சொல்லித் தப்பாகத் திருப்பிவிடுவார். ஹார்லன் கால்வெர்ட்டன்காரர்களைத் தேடினார். அமோஸுக்கு வேறு பித்து. ஒரே படத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் இருக்கும் அட்டைகளை மட்டும் சேர்த்தார். ஒருவன் தரையில் சறுக்கிக் கிடக்க, மற்றவன் குனிந்து பந்தால் அவன் முதுகைத் தொடுவதுபோல் நிற்கும் படங்கள். 'தனியா நிக்கிறவன் மூஞ்சியில ஒண்ணும் இல்லடா, ரெண்டு பேர் இருந்தா அதுல ஒரு கதை இருக்கு' என்பார்.

ஒருவர் தேடுவது மற்றவருக்கு வேண்டாதது என்பதால் சண்டைக்கே இடமில்லை. ஒரே ஒரு அட்டையைத் தவிர. இரண்டு கால்வெர்ட்டன்காரர்கள் ஒன்றாக இருக்கும் அட்டை. ஒன்பது ஆண்டுக்கு முன் இதே மண்டபத்தில் அது வந்தது. முதலில் கண்டது அமோஸ்தான். கையில் எடுத்தார், முகமெல்லாம் பல்லாகிவிட்டது, பெயர் படிக்கக் கண்ணாடி வேண்டும் என்று அட்டையை மேஜையில் வைத்துவிட்டுச் சட்டைப் பையைத் தடவினார். அந்த மூன்று விநாடியில் ஹார்லனின் உள்ளங்கை அட்டையின்மேல் விழுந்தது.

அமோஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது அது வேறொருவர் கைக்குள் இருந்தது.

"டேய்... விளையாடாதடா," என்றார்.

"கீழ வச்சிட்டே. வச்சா வச்சதுதான். சட்டம் தெரியும்ல?" என்றார் ஹார்லன். நாலு பேருக்குக் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னார்.

அமோஸ் கத்தவில்லை. அன்று வேனில் திரும்ப வரவில்லை, பஸ் பிடித்துப் போனார். அதோடு சரி. மார்லாவின் சாவுக்குக்கூட ஒரு பூங்கொத்து மட்டும் பெயர் போடாமல் வந்தது. சட்டப்படி நான் செய்ததில் என்ன தப்பு என்று ஹார்லன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தார். தப்பில்லாத காரியத்துக்கு ஒன்பது ஆண்டா சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்?

இப்போது அதே அமோஸ், கிளாண்டனைக் கையில் வைத்துக்கொண்டு, அசையாமல் நிற்கிறார். இல்லை, அசையாமல் இல்லை. அப்போதுதான் ஹார்லன் கவனித்தார். அமோஸின் கை நடுங்கியது. லேசாக இல்லை, நன்றாகவே ஆடியது. முழங்கையை விலாவோடு அழுத்தி வைத்து அதைக் கட்டுப்படுத்தப் பார்த்தார், அப்படியும் கிளாண்டன் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தான்.

ஹார்லன் திரும்பிக் காபிக் கவுண்டருக்குப் போனார். அங்கே டாட்டி டோனட் அடுக்கிக்கொண்டிருந்தாள். சந்தைக்கு மட்டும் வந்து கடை போடுபவள், காதில் விழுவதை எல்லாம் வாயால் விற்பவள்.

"அமோஸ் எவ்வளவு நேரமா அங்க நிக்கிறான்?" ஹார்லன் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"கதவு திறந்ததும் முதல் ஆளா உள்ள வந்தாரு. நேரா போயி அதைத் தூக்கினாரு. அப்பலேருந்து அப்படியே நிக்கிறாரு. வாங்கவும் இல்ல, வைக்கவும் இல்ல. ரோவீனா அக்கா நாற்காலி போட்டாங்க. 'உட்கார்ந்தா எந்திரிக்க ரெண்டு கையும் வேணும், வேண்டாம்'னுட்டாரு."

"வாங்கறதா இருந்தா வாங்க வேண்டியதுதானே."

"எங்க வாங்கறது? அந்த நடுக்க வியாதி வந்த பிறகு அவருகிட்ட இருந்ததை எல்லாம் வித்துட்டாரே! உங்களுக்குத் தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் இணைபிரியாம இருப்பீங்கன்னு எங்க அம்மா சொல்லுவாங்க."

ஹார்லனுக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. அல்லது விளங்கிவிட்டது என்று நினைத்தார். அவனும் பட்டியலில் பதினேழாவது வரியைப் பார்த்திருக்கிறான். வாங்கப் பணம் இல்லை, வைத்துக்கொள்ள ஆசையும் இல்லை. நான் வருவேன் என்று தெரியும். என் கண்ணெதிரே மாலை வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்று, கடைசி நிமிஷத்தில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கில்லிஸ் பக்கமாகக் கீழே வைப்பான். ஒன்பது ஆண்டு அடைகாத்த வன்மம். கல்லுளிமங்கன்!

"ஒரு காபி குடு. பெருசா," என்றார். "அமோஸுக்கு. நான் கொடுத்தேன்னு சொல்லாதே. மூணு சர்க்கரை, பால் வேண்டாம்."

டாட்டி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனாலும் எடுத்துக்கொண்டு போனாள். கொதிக்கக் கொதிக்கப் பெரிய கோப்பை. நடுங்குகிற ஒற்றைக் கையால் அதை எப்படிப் பிடிப்பான்? மற்ற கையும் வேண்டும். மற்ற கை வேண்டும் என்றால் அட்டையைக் கீழே வைக்கவேண்டும். ஹார்லன் மெல்ல நடந்து ரோவீனாவின் மேஜைக்கு மூன்றடி தூரத்தில் போய் நின்றுகொண்டார். மனுஷன் செய்கிற காரியமா இது என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அமோஸ் காபியை இடது கையில் வாங்கினார். முகர்ந்தார். ஒரு கணம் கண்ணை மூடினார். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் கொட்டிவிட்டது. சுட்டிருக்கும். முகம் சுளித்தார், ஆனால் வலது கை விலாவைவிட்டு நகரவில்லை. மீதிப் பாதியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கோப்பையை ரோவீனாவிடம் நீட்டினார்.

கில்லிஸ் ஹார்லனைப் பார்த்துக் கண்ணடித்தான். "பெரியவர் உடும்புப்பிடியா பிடிச்சிருக்காரு. மத்தியானச் சாப்பாட்டுக்காவது வைப்பாருன்னு பார்க்கறேன். நீங்களும் வரிசையா? எனக்கு அடுத்ததுதான் நீங்க, சொல்லிட்டேன்."

"வரிசை கிரிசை எல்லாம் இங்க கிடையாது. முதல் கை எதுவோ அது," என்றார் ஹார்லன்.

"அதுவும் சரிதான். என் கை கொஞ்சம் வேகமான கை."

மணி பன்னிரண்டானது. அமோஸ் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றார். நெற்றியில் வியர்வை. ஹார்லனுக்கு இனிப் பொறுக்க முடியவில்லை. வாழ்க்கையில் தான் செய்ததிலேயே மட்டமான யோசனை அப்போதுதான் அவர் மண்டையில் உதித்தது.

கை குலுக்க வலது கைதான் வேண்டும்.

ஒன்பது ஆண்டுக்குப் பிறகு ஒருவன் சமாதானமாக வந்து நாலு பேர் முன்னால் கையை நீட்டினால், நீட்டின கையை எவன் தட்டுவான்? குலுக்குவான். குலுக்க வேண்டுமென்றால் அட்டையை வைப்பான். நான் வலது கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டே இடது கையை அட்டையின்மேல் வைத்துவிடுவேன். கில்லிஸ் பின்னால் நிற்கிறான், நான் முன்னால் நிற்பேன்.

ஹார்லன் மேஜையைச் சுற்றிக்கொண்டு அமோஸுக்கு எதிரே போய் நின்றார். பக்கத்தில் பார்த்தபோது அமோஸ் இளைத்திருந்தார். கன்னத்தில் சரியாகச் சவரம் ஆகாத திட்டுகள்.

"அமோஸ்," என்றார். "ஒன்பது வருஷம் ஆச்சுடா. போதும். கை கொடு."

கையை நீட்டினார். பொய் சொல்லும்போது குரல் இத்தனை அழகாக இழையும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. பக்கத்து மேஜையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கில்லிஸின் கைகள் பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தன.

அமோஸ் நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு மேஜையின் ஓரத்தில் தயாராக இருந்த ஹார்லனின் இடது கையையும் பார்த்தார். அதில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"வந்துட்டியா," என்றார்.

அட்டையைக் கீழே வைக்கவில்லை. நடுங்குகிற கையை முன்னால் கொண்டுவந்து, கிளாண்டனை ஹார்லனின் வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"பிடி. கெட்டியாப் பிடிடா. ஒன்பது மணி அஞ்சு நிமிஷத்துலேருந்து நிக்கிறேன், கை விட்டுப்போச்சு. வர்ற வழியில ரேடியோவுல லாரி கவுந்துச்சுன்னான். சரி, இவன் அதுலதான் மாட்டியிருப்பான், இவன் ராசி அப்படின்னு நினைச்சேன். ரோவீனாகிட்ட எடுத்து வைன்னா பணம் கேக்கறா. நான் எங்க போறது? உனக்குப் போன் போடலாம்னா இந்த விரலால நம்பர் அமுக்க வரமாட்டேங்குது, அமுக்கினாலும் என்னத்தைப் பேசறது?"

ஹார்லனின் விரல்கள் அட்டையின்மேல் இறுகின.

"இந்தக் கழுகு வேற முதுகுலயே நிக்கிறான். கொஞ்சம் அசந்தா கொத்திட்டுப் போயிடுவான்," என்று அமோஸ் தோளுக்குப் பின்னால் தலையை ஆட்டினார். "காபி வந்தப்பவே நீ வந்துட்டேன்னு தெரியும். மூணு சர்க்கரை, பால் இல்லாம. இந்த மண்டபத்துல வேற எவனுக்குடா அது தெரியும்? காபி அனுப்பத் தெரியுது, நேரா வரத் தெரியல. சீக்கிரம் அவகிட்ட பணத்தைக் குடுத்துத் தொலை. எனக்கு மூத்திரம் முட்டுது."

சொல்லிவிட்டுத் திரும்பி ஓரடி வைத்தார். மூன்று மணி நேரம் நின்ற முழங்கால் மடங்கிவிட்டது.

நினைத்துப் பார்க்க நேரமே இல்லை. ஹார்லனின் கை விரிந்தது, அட்டை பச்சைத் துணியில் விழுந்தது, இரண்டு கையாலும் அமோஸை அக்குளுக்கு அடியில் பிடித்துத் தாங்கினார். கனமே இல்லை. ஒரு காலத்தில் வேன் டயரை ஒற்றை ஆளாக மாற்றிய மனிதர், துணிமூட்டைபோல் கைக்குள் கிடந்தார்.

"அட்டை!" என்று அமோஸ் மூச்சுத்திணறக் கத்தினார். "அட்டை எங்கடா?"

அட்டையின்மேல் கில்லிஸின் உள்ளங்கை இருந்தது.

கில்லிஸ் சுற்றும்முற்றும் பார்த்தான். அவன் முகம் சிவந்திருந்தது, ஆனால் கையை எடுக்கவில்லை.

"நான் ஒண்ணும் தப்பு பண்ணலையே?" என்றான். "கீழ வந்துச்சு. எல்லாரும் பார்த்தீங்க. சட்டம்தானே?"

ரோவீனா எழுந்து நின்றாள். "ஹார்லன், நீங்க சொல்லுங்க," என்றாள் நிதானமாக. "அவர் விழப்போனார், நீங்க பிடிச்சீங்க. நீங்க அதை வைக்கல, கை தவறிப்போச்சு. அப்படின்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். என் மேஜை இது. அது உங்க கையிலேயே இருந்ததாத்தான் நான் எடுத்துக்குவேன். யாரும் மறுத்துப் பேசமாட்டாங்க."

உண்மைதான், யாரும் மறுத்திருக்கமாட்டார்கள். நாலைந்து தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடவும் செய்தன. ஒரு வார்த்தை. இருபத்திரண்டு ஆண்டு. கில்லிஸின் விரல் இடுக்கில் கிளாண்டனின் முழங்கை மட்டும் தெரிந்தது, நூலில் தொங்கும் பந்தை நோக்கி நீண்டபடி.

சொல்லத்தான் ஹார்லன் வாயெடுத்தார். கை தவறிப்போச்சு என்பது பொய்யும் இல்லை. ஆனால் கண்ணாடி தேடிச் சட்டைப் பையைத் தடவியவனுக்கு அன்று இந்த நியாயத்தை யார் பார்த்தது? வச்சா வச்சதுதான் என்று இதே இடத்தில் நின்று சத்தம் போட்டது யார்? தனக்கு ஒரு சட்டம், அவனுக்கு ஒரு சட்டமா? தன் கையில் தொங்கிக்கொண்டிருந்தவனின் இதயம் பச்சைச் சட்டைக்குள் படபடவென்று அடிப்பது ஹார்லனின் விரலுக்குத் தெரிந்தது.

"கீழ வச்சேன்," என்றார். "வச்சா வச்சதுதான், ரோவீனா. அவனுக்குக் குடுத்துடுங்க."

கில்லிஸே ஒரு கணம் தயங்கினான். ஒரே கணம்தான். பிறகு பர்ஸை எடுத்தான்.

அமோஸுக்கு வந்ததே கோபம்! நிற்கத் தெம்பில்லாத மனிதருக்குக் கத்த மட்டும் எங்கிருந்து தெம்பு வந்ததோ. "முட்டாப்பயலே! மூணு மணி நேரம்! மூணு மணி நேரம் மூத்திரத்தை அடக்கிக்கிட்டு, சட்டையில காபியைக் கொட்டிக்கிட்டு, உன் கையில பத்திரமாக் குடுத்தா, மூணு விநாடி பிடிச்சிருக்கத் துப்பில்லையாடா உனக்கு? என்னை விட்டிருக்க வேண்டியதுதானே? விழுந்தா எந்திரிப்பேன், இல்லாட்டி கிடப்பேன். அட்டை திரும்ப வருமா? அவ அத்தனை சொல்றா, ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துபோகுமா? யார்கிட்ட காட்டறே உன் யோக்கியதையை?"

"நட," என்றார் ஹார்லன். "முதல்ல கழிப்பறைக்கு நட. அங்க வந்து திட்டு."

ஒரு கையை இடுப்பைச் சுற்றிப் போட்டு, மேஜைகளுக்கு நடுவே மெல்ல மெல்ல நடத்திக் கூட்டிப் போனார். அமோஸ் வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இருபத்திரண்டு ஆண்டுத் தேடல் கையைவிட்டுப் போயிருந்தது, அதை மறைத்துப் பயனில்லை. அது நிஜமான வலி. ஆனால் இந்த வாயிலிருந்து வசவு கேட்டு ஒன்பது ஆண்டு ஆகிவிட்டது என்பதும் நிஜம். ஒரு வார்த்தையையும் விடாமல் கேட்டுக்கொண்டே நடந்தார்.

கழிப்பறையில் யாரும் இல்லை. அமோஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அமோஸ்," என்றார் ஹார்லன். "அந்த ரெண்டு பேர் படம்... அதை உனக்கே தந்துடறேன்டா. நாளைக்கே கொண்டுவந்து தர்றேன்."

"எதுக்கு?" அமோஸின் குரலில் கோபம் வடிந்திருந்தது. "எல்லாத்தையும் குடுத்தாச்சு. அதை வைக்க என்கிட்ட ஒரு ஆல்பம்கூட இல்ல. அப்பவே தந்திருக்கணும்டா."

எந்த மேஜையில் போய் எவ்வளவு கொடுத்தாலும் வாங்க முடியாத பொருள் அந்த 'அப்பவே'.

அமோஸ் பெல்ட்டின் கொக்கியைத் தடவினார். விரல்கள் அதைத் தொட்டன, வழுக்கின, மறுபடி தொட்டன, மறுபடி வழுக்கின. இரண்டு காலையும் ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டார்.

"என்ன வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கிறே?"

ஹார்லன் அந்த ஈரத் தரையில் முழங்காலிட்டார். கொக்கியில் கை வைத்தார். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நான் கையை நீட்டினேன் இல்ல, அது குலுக்கறதுக்கு இல்லடா. நீ அட்டையைக் கீழ வைக்கணும்னு. வச்சா எடுத்துக்கலாம்னு."

"தெரியும்."

"தெரிஞ்சுமாடா குடுத்தே?"

"உனக்குத்தானே பிடிச்சுக்கிட்டு நின்னேன்? நீ திருடனா வந்தா குடுக்காம இருக்க முடியுமா?" அமோஸ் பல்லைக் கடித்தார். "பேசினது போதும், பெல்ட்டை அவிழ்டா."

ஹார்லனின் கண்ணை நீர் மறைத்துவிட்டது. கொக்கியைத் தடவிப் பார்த்துத்தான் அவிழ்த்தார்.